கோத்தகிரி மலைப்பாதைக்கு 16 அங்குல வீலிலிருந்து 15-க்கு இறங்கலாமா?

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியில் வீடு, கோவையில் வேலை. வண்டி ஹூண்டாய் ஐ20 என் லைன், டர்போ பெட்ரோல். கம்பெனி கொடுத்த 16 அங்குல அலாய், டயர் 195/55 ஆர்16. போன மழைக்காலத்தில் குஞ்சப்பனைக்கு மேலே ஒரு பள்ளத்தில் இறங்கியதில் ஒரு டயரின் பக்கவாட்டில் புடைப்பு, ஒரு அலாயின் உள்விளிம்பில் நெளிவு. இப்போது 15 அங்குலத்துக்கு இறங்கி, லேசான வீலாகப் போட்டால் வண்டி இன்னும் துடிப்பாக ஏறுமா, வளைவில் பிடிப்பு குறையுமா, ஆர்டிஓ, இன்சூரன்ஸ் பக்கம் சிக்கல் வருமா என்று கேட்கிறீர்கள். நண்பர்கள் 17 போடச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இறங்கலாம். நம் மலைப்பாதையில் தினமும் ஓடுகிற வண்டிக்கு இறங்குவதே நல்லது என்பேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற காரணத்துக்காக இல்லை. வேகமாக ஏறும் என்ற ஆசையில் காசைப் போட்டால் ஏமாற்றம்தான். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: டயரின் பக்கச் சுவரில், அப்புறம் வளைவின் நடுவே ரோடு உடைந்திருக்கும்போது வீல் ரோட்டை விடாமல் ஓடுவதில். இன்னொன்று, சின்ன வீல் என்றாலே லேசான வீல் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அதுவும் இதுவும் வேறு வேறு விஷயம். நிறைய பேர் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான்.

முதலில் சைஸ் கணக்கு. 195/55 ஆர்16 என்றால் டயர் அகலம் 195 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், அதாவது சுமார் 107 மி.மீ. 16 அங்குல ரிம்மையும் சேர்த்தால் டயரின் மொத்த விட்டம் 621 மி.மீ. இதற்குப் பதில் 185/65 ஆர்15 போட்டால் பக்கச் சுவர் 120 மி.மீ., மொத்த விட்டம் 621.5. அதாவது வெளியே அளவு மாறவில்லை. ஸ்பீடோமீட்டர், கிலோமீட்டர் கணக்கு, பிரேக்கில் வீல் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ், வண்டி வழுக்காமல் பார்க்கும் ஈஎஸ்சி எதற்கும் வித்தியாசம் தெரியாது. தரையிலிருந்து வண்டியின் உயரமும் அப்படியே இருக்கும். மாறுவது ஒன்றுதான்: ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 13 மி.மீ. ரப்பர் கூடுதலாக வருகிறது.

13 மி.மீ. என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பள்ளத்தின் விளிம்பில் டயர் மோதும்போது பக்கச் சுவர் மடங்கி, ரிம்மின் உதட்டுக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே நசுங்குகிறது. அப்படி நசுங்கும்போது உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்தால் அந்த இடத்தில் காற்று வெளியே தள்ளும். உங்களுக்கு வந்த புடைப்பு அதுதான். டயர் இன்னும் கொஞ்சம் மடங்கியிருக்க இடம் இருந்தால் பல சமயம் ரிம் வரை அடி போகாது. மழைக்குப் பிறகு அரவேணு, குஞ்சப்பனை வழியில் ஓரம் அரித்துப்போய், தார் விளிம்பு கத்தி மாதிரி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எதிரே பஸ் வந்தால் அந்த விளிம்பில் இறங்கித்தான் ஏற வேண்டும். அங்கே அந்த 13 மி.மீ. காப்பாற்றும்.

சிலர் 185/60 ஆர்15 போடச் சொல்வார்கள், அது கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், டயரும் லேசு. அதன் மொத்த விட்டம் 603 மி.மீ. கிட்டத்தட்ட 3 சதவீதம் சின்னது. இதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது: எல்லா கியரும் 3 சதவீதம் குட்டையானது போல ஆகும், அதனால் இரண்டாவது கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது இழுவை கொஞ்சம் கூடும். ஆனால் வண்டி 9 மி.மீ. தாழும், ஸ்பீடோமீட்டர் கூட்டிக் காட்டும், பக்கச் சுவரில் கிடைப்பதோ வெறும் 4 மி.மீ. கோவையில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு அது ஒரு ரசனை. கல்லும் மண்ணும் சரிந்து கிடக்கும் ரோட்டில் ஓடும் வண்டிக்கு வேண்டாம். 185/65-ஐயே எடுங்கள்.

இந்த சைஸுக்கு இன்னொரு நன்மை, நம் ஊரில் டாக்ஸியாக ஓடும் எர்டிகாவும் நிறைய ஸ்விஃப்டும் இதே டயரில்தான் ஓடுகின்றன. அவசரத்துக்கு மேட்டுப்பாளையத்திலோ குன்னூரிலோ எந்த டயர் கடையிலும் இருக்கும். 195/55 ஆர்16-க்குக் கோவையிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, இப்போது வேகக் கணக்குக்கு வருவோம். சுழலும் எடையில் ஒரு கிலோ குறைந்தால் வண்டியில் பத்து கிலோ குறைந்த மாதிரி என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். அது உண்மை இல்லை. வீல் முன்னால் நகரவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். அதனால் அதன் எடை ஒன்றுக்கு மேல் கணக்காகிறது என்பது சரி. ஆனால் எவ்வளவு என்பது அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டயரின் ரோட்டைத் தொடும் பகுதியில் இருக்கும் ஒரு கிலோ கிட்டத்தட்ட இரண்டு கிலோவாகக் கணக்காகும். அதற்கு மேல் போகவே முடியாது. ரிம்மின் வெளி வளையத்தில் இருக்கும் ஒரு கிலோ சுமார் 1.4 கிலோ. நடுவில், வீல் மாட்டும் ஹப் பக்கம் இருப்பது ஒரு கிலோவுக்குச் சற்றே மேல், அவ்வளவுதான்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். பழைய அலாய் 9 கிலோ, டயர் 9 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய 15 அங்குலம் 6 கிலோ, டயர் 8 கிலோ. ஒரு மூலைக்கு 4 கிலோ மிச்சம், நான்குக்கும் 16 கிலோ. சுழற்சியையும் சேர்த்தால் 24 கிலோ குறைந்ததற்குச் சமம். ஆளோடு சேர்த்து 1,150 கிலோ வண்டியில் அது 2 சதவீதம். 100 கி.மீ. வேகத்தைத் தொட 10 நொடி எடுக்கிற வண்டிக்கு 0.2 நொடி குறையும். பின் சீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பையன் இறங்கிக்கொண்டால் கிடைக்கும் லாபம் இதைவிடக் கூடுதல். ஏற்றத்தில் உங்கள் வண்டியை இழுப்பது டர்போதான். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைவு, டர்போ இல்லாத இன்ஜின் அங்கே அந்த அளவு சக்தியை இழக்கும். உங்கள் இன்ஜின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. அதனால் இழுவைக்காக வீலைத் தேட வேண்டிய நிலைமை உங்களுக்கு இல்லை.

அப்படியானால் லேசான வீலுக்கு எதற்குக் கூடுதல் காசு? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. வண்டியின் எடையை இரண்டாகப் பிரியுங்கள். ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் எடை ஒன்று: பாடி, இன்ஜின், ஆட்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே ரோட்டோடு ஏறி இறங்கும் எடை இன்னொன்று: டயர், வீல், ஹப், பிரேக் டிஸ்க், அந்த டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், சஸ்பென்ஷன் கைகளில் ஒரு பங்கு. இந்த மாதிரி சின்ன வண்டியில் முன்பக்கம் ஒரு மூலைக்கு இது 35, 40 கிலோ வரும். நாம் குறைத்த 4 கிலோ மொத்த வண்டியில் ஒன்றரை சதவீதம் கூட இல்லை என்றாலும் இந்த எடையில் 10 சதவீதம். ஷாக் அப்சார்பர் அடக்க வேண்டிய எடை பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்றால் அது கையில் தெரியும்.

எங்கே தெரியும் என்று சொல்கிறேன். கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது உள்பக்க முன் வீலின் மேல் எடை மிகக் குறைவு. வண்டி வெளிப்பக்கமும் பின்பக்கமும் சாய்ந்திருக்கும். உங்களுடையது முன் வீல் இழுக்கும் வண்டி, இன்ஜினின் 172 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை, அந்த வீலுக்கும்தான் போகிறது. வளைவின் உள்ஓரத்தில் எப்போதும் தார் அலை அலையாக நெளிந்து கிடக்கும், லாரிகள் அங்கே திணறித் திரும்புவதால் வரும் நெளிவு அது. கனமான வீல் முதல் அலையில் எகிறினால் இரண்டாவது அலையைத் தொடுவதற்குள் காற்றில் இருக்கும். அந்த நொடியில் வீல் சுழன்று கீச்சென்று சத்தம் போடும், டிராக்ஷன் கண்ட்ரோல் விளக்கு மின்னும், வண்டி தயங்கும். லேசான வீல் சீக்கிரம் கீழே வந்து ரோட்டைப் பிடிக்கும். மழையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஸ்டியரிங்கில் வரும் உதறலும் குறையும். ஸ்போர்ட்டி வண்டி என்று வாங்கிவிட்டு, உடைந்த ரோட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிற நிலை மாறும்.

பிடிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். உயரமான பக்கச் சுவர் பக்கவாட்டில் கொஞ்சம் கூடுதலாக வளையும். அதனால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே திரும்பும் அந்த வெடுக்கென்ற உணர்வு சற்று மழுங்கும். இதை மறைக்க மாட்டேன். கோவை பைபாஸில் 100-இல் லேன் மாறும்போது முதல் சில நாள் வித்தியாசமாக இருக்கும். ஆனால் நம் பாதையில் வளைவில் 25, 40 கி.மீ. வேகம்தான். அந்த வேகத்தில் அகலம் 10 மி.மீ. குறைந்ததாலோ சுவர் உயர்ந்ததாலோ பிடிப்பு போய்விடாது. டயர் எந்த ரப்பர், எவ்வளவு பழசு என்பதுதான் பிடிப்பைத் தீர்மானிக்கும். டயரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது எடை. கடைக்காரர் சொல்லும் எடையை நம்பி வாங்காதீர்கள். கம்பெனியின் 16 அங்குல அலாயைவிடக் கனமான 15 அங்குல அலாய் சந்தையில் தாராளமாக இருக்கிறது. மலிவான வார்ப்பு அலாயில் உலோகத்தின் தரம் குறைவு என்பதால் பலத்துக்காகச் சதையைக் கூட்டி வார்த்திருப்பார்கள். கம்பெனி இரும்பு வீலோ 15 அங்குலத்திலேயே 8, 9 கிலோ வரும். அதைப் போட்டால் பக்கச் சுவரின் லாபம் முழுசாகக் கிடைக்கும், எடையின் லாபம் கிடைக்காது.

கோத்தகிரியில் இருந்துகொண்டு எடை போட வழி தேட வேண்டியதில்லை. பச்சைத் தேயிலை எடை போடும் கொக்கித் தராசு யார் வீட்டிலாவது இருக்கும். டயர் மாட்டாத ரிம்மை நடு ஓட்டையில் கயிறு கட்டித் தூக்கி மாட்டிப் பாருங்கள். பழைய வீலை டயரோடு ஒரு தடவை, புதிய வீலை டயர் மாட்டிய பிறகு ஒரு தடவை. டயர்களுக்குள்ளேயே ஒரே சைஸில் பிராண்டுக்குப் பிராண்டு ஒரு கிலோ வரை வித்தியாசம் வரும். நான் மேலே சொன்ன கணக்குப்படி டயரில் குறையும் ஒரு கிலோ ரிம்மில் குறையும் ஒரு கிலோவைவிடப் பெறுமானம் கூடியது. இதை யாருமே பார்ப்பதில்லை.

என்ன வகை வீல் என்று கேட்டால், ஃப்ளோ ஃபார்மிங் முறையில் செய்ததை எடுங்கள். முதலில் வார்த்துவிட்டு, வெளி வளையத்தை மட்டும் சூடாக்கி உருளைகளால் அழுத்தி இழுத்து மெலிதாக்குவார்கள். அழுத்தத்தில் உலோகம் இறுகுவதால் மெலிதாகவும் இருக்கும், பலமாகவும் இருக்கும். 15 அங்குலத்தில் 6 கிலோ சுற்றுவட்டத்தில் நல்ல வீல் கிடைக்கும். ஃபோர்ஜ் செய்த, அதாவது உலோகக் கட்டியை அழுத்தி உருவாக்கிய வீல் அதைவிட லேசு, ஆனால் விலையைக் கேட்டால் நம் ரோட்டுக்கு அது தேவையா என்று யோசிப்பீர்கள். ஒரு கல்லில் போகிற பொருளுக்கு அவ்வளவு செலவு செய்யச் சொல்ல எனக்கு மனசு வராது.

வீலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்தின் பளபளப்பில் ஒன்றும் இல்லை, விவரம் எல்லாம் பின்னால்தான். அகலமும் விட்டமும் 6ஜே x 15 என்ற மாதிரி வார்ப்பிலேயே எழுதியிருக்கும். ஈடி என்று ஒரு எண், அதிகபட்சச் சுமை கிலோவில், தயாரித்த மாதம், வருஷம். ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். ஜப்பான் தர முத்திரையான ஜேடபிள்யூஎல், அதோடு தனியாகச் சோதித்துக் கொடுக்கும் விஐஏ முத்திரையும் இருந்தால் நல்லது. சுமை எண் உங்கள் வண்டியின் முன் அச்சு தாங்கும் சுமை வரம்பில் பாதிக்குக் குறையவே கூடாது. நான் அதற்கு நன்றாக மேலேதான் எடுப்பேன். குடும்பத்தோடும் மூட்டையோடும் இறங்கும்போது முன் வீலின் மேல் விழும் பாரம் சாதாரணமானது இல்லை. முத்திரையும் எண்ணும் இல்லாத வீல் எவ்வளவு லேசாக இருந்தாலும் தொடாதீர்கள். லேசு என்பது பலமில்லாமல் லேசாக இருந்தால் அது உயிருக்கு ஆபத்து. இரும்பு வீல் அடிபட்டால் நெளியும், அலாயில் விரிசலே விடலாம். பழைய அலாயை வெல்டிங் வைத்து, அடித்து நிமிர்த்தி, பெயின்ட் பூசி விற்கிறவர்களும் உண்டு. உள்விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். தட்டையான இடமோ, பெயின்ட்டுக்கு அடியில் தடிப்போ தட்டுப்பட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பொருத்தம். உங்கள் வண்டிக்கு நான்கு நட், 100 மி.மீ. பிசிடி (நட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடு ஓட்டை 54.1 மி.மீ. வெளியே கிடைக்கும் வீல்களில் நடு ஓட்டை பல வண்டிகளுக்கும் சேரட்டும் என்று பெரிதாகவே இருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போட வேண்டும், இல்லையென்றால் 80-க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும். ரிங்கில் பிளாஸ்டிக்கும் உண்டு, அலுமினியமும் உண்டு. நீளமான இறக்கத்தில் பிரேக் சூடு ஹப் வரை ஏறும் ஊர் நம்முடையது. அலுமினியமே போடுங்கள். நட்டின் கூம்பும் புதிய வீலின் குழியும் ஒன்றோடொன்று சரியாக உட்கார்கிறதா என்று ஒரு நட்டைக் கையாலேயே திருகிப் பாருங்கள்.

ஈடி எண் வீலின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம். கம்பெனி வீலில் இருப்பதிலிருந்து 5 மி.மீ.க்கு மேல் மாறாமல் பாருங்கள். எண் ரொம்பக் குறைந்தால் வீல் வெளியே துருத்தும். பார்க்க மிடுக்காக இருக்கும், ஆனால் ஒவ்வொரு பள்ளமும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும், பேரிங் சீக்கிரம் கத்த ஆரம்பிக்கும்.

முக்கியமானது காலிப்பர். உங்களுக்குப் பின்னாலும் டிஸ்க். ஐ20-யின் சில வேரியன்ட்களில் கம்பெனியே 185/65 ஆர்15 கொடுப்பதால் முன்பக்கம் பெரும்பாலும் இடிக்காது. ஆனால் ஒவ்வொரு டிசைனிலும் ஆரத்தின் (ஸ்போக்) வளைவு வேறு. டயர் மாட்டும் முன்பே வெறும் ரிம்மை நான்கு பக்கமும் மாட்டி, நட்டை இறுக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். காலிப்பருக்கும் ஆரத்துக்கும் நடுவே 3 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். டயர் மாட்டிவிட்டால் எந்தக் கடையிலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். 14 அங்குலத்துக்கு இறங்கலாமா என்று அடுத்து யோசனை வரும், இந்த வண்டிக்கு அது வேண்டாம். இடமும் போதாது, டயர் தேர்வும் சுருங்கிவிடும்.

டேஷ்போர்டு திரையில் நான்கு டயரின் காற்றழுத்தமும் தனித்தனியாக வருகிறதென்றால் ஒவ்வொரு வால்வின் அடியிலும் ஒரு சென்சார் இருக்கிறது. கடையில் டயரைப் பிரிக்கும்போது முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெஷினின் கை அதன் மேல் பட்டால் உடைந்துவிடும்.

டயர். இதற்கு வீலைவிடக் கூடுதலாக யோசியுங்கள். இப்போது உள்ள டயரின் சுமைக் குறியீட்டு எண் 87, அதாவது ஒரு டயர் 545 கிலோ தாங்கும். 185/65 ஆர்15-இல் சாதாரணமாக வருவது 88, 560 கிலோ. குறையவில்லை. மைலேஜுக்காகச் செய்யும் கெட்டி ரப்பர் டயர்கள் 80,000 கி.மீ. ஓடும் என்று ஆசை காட்டுவார்கள். ஈரத்தில், அதுவும் மார்கழிக் குளிரில், அவை கல் மாதிரி இறுகிப்போகும். நம் ரோட்டில் தண்ணீர் தேங்கி டயர் மிதக்கிற வேகத்தில் யாரும் போவதில்லை. வழுக்குவது வேறு காரணங்களால்: நிழல் விழும் வளைவில் பாசி, யூகலிப்டஸ் இலை, மேட்டிலிருந்து வழிந்த செம்மண், லாரியிலிருந்து சிந்திய டீசல். அதற்கு மென்மையான ரப்பரும், குறுக்கே நுணுக்கமான வெட்டுகள் உள்ள டிசைனும் வேண்டும். சீக்கிரம் தேயும், பரவாயில்லை. சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், ஆனால் ஐப்பசி மழை தொடங்கும்போது 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் நான் மாற்றிவிடச் சொல்வேன். பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். ஒரு வருஷத்துக்கு மேல் கடையில் கிடந்ததை வாங்க வேண்டாம்.

காற்று எவ்வளவு என்றால், டிரைவர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் 15 அங்குலத்துக்கும் எழுதியிருந்தால் அதுவே. இல்லையென்றால் இப்போது வைக்கும் அளவிலேயே தொடங்குங்கள். மலை ஏறினால் காற்று மாறும், எங்கே பிடிப்பது என்று பலரும் குழம்புவார்கள். மேட்டுப்பாளையத்தில் பிடித்துக்கொண்டு கோத்தகிரிக்கு ஏறினால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டரில் 2 பிஎஸ்ஐக்கு மேல் கூடிக் காட்ட வேண்டும். ஆனால் கீழே 35 டிகிரி, மேலே 18 டிகிரி. அந்தக் குளிர் ஏறக்குறைய அதே அளவைக் குறைத்துவிடும். அதனால் டயர் ஆறிய நிலையில் எங்கே பிடித்தாலும் சரிதான். ஏறி வந்த சூட்டோடு அளந்து, கூடிவிட்டது என்று காற்றை இறக்கிவிடுவதைத்தான் செய்யக் கூடாது.

பிரேக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீலோடு சேர்ந்தது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் கிட்டத்தட்ட 1,450 மீட்டர் இறக்கம். இரண்டு பேர் உள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது விடும் ஆற்றல் கிட்டத்தட்ட 5 யூனிட் மின்சாரம். அதில் இன்ஜினும் காற்றும் வாங்கிக்கொண்டது போக மீதி முழுக்க டிஸ்க்கில் சூடாக இறங்குகிறது. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் வெளியூர் வண்டிகளை இறங்க விடாததற்கு, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகள்தான் காரணம். 15 அங்குலம் டிஸ்க்கை இன்னும் நெருக்கமாக மூடும். அதனால் ஆரங்கள் மெலிந்து, நடுவே நன்றாகத் திறந்திருக்கும் டிசைனை எடுங்கள். தட்டு மாதிரி மூடிய டிசைன் சிலது இப்போது ஃபேஷன், அது நமக்கு வேண்டாம். இறக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது கியர், தானியங்கி என்றால் மேனுவல் மோடில் அதே கியர்.

சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, வண்டித் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வீலில் நடைமுறைப் பிரச்சினை வருவது பெரும்பாலும் சைஸைக் கூட்டி, மட்கார்டுக்கு வெளியே துருத்தவிடுகிறவர்களுக்கு. நீங்கள் போடுவது அதே மாடலுக்குக் கம்பெனி கொடுக்கும் சைஸ், மொத்த விட்டமும் மாறவில்லை. ஆனாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சலில் பில்லோடு எழுதி, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு சர்வேயர் கேட்கும்போது விளக்கம் சொல்வதைவிட இது சுலபம். வாரண்டி இருந்தால் சர்வீஸ் சென்டரிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நண்பர்கள் சொல்லும் 17-க்கு இரண்டு வரி போதும். 205/45 ஆர்17 போட்டால் பக்கச் சுவர் 92 மி.மீ. ரிம்மும் டயரும் கனக்கும். வழவழப்பான ரேஸ் டிராக்கில் அதற்கு அர்த்தம் உண்டு. குஞ்சப்பனை ரோட்டில் உங்களுக்கு ஏற்கெனவே நடந்தது அடிக்கடி நடக்கும்.

மாட்டும் நாளில் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துருப் போகத் தேய்க்கச் சொல்லுங்கள். நம் ஈரத்தில் அங்கே கட்டாயம் துரு பிடித்திருக்கும், அதன் மேலேயே வீலை உட்கார வைத்தால் எவ்வளவு பேலன்சிங் செய்தாலும் நடுக்கம் போகாது. நட்டுகளைக் காற்றில் ஓடும் கன்னில் (இம்பேக்ட் கன்) அடித்து விட்டுவிடாமல் டார்க் ரென்ச்சில், வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு, எதிரெதிராக இறுக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு அது 107-லிருந்து 127 நியூட்டன் மீட்டருக்குள். 100 கி.மீ. ஓடிய பிறகு ஒரு தடவை திரும்பச் சரிபாருங்கள், புதிய அலாய் கொஞ்சம் படியும். அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள், அந்தப் பள்ளத்தில் ரிம் நெளிந்திருக்கிறது என்றால் கோணமும் நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

டிக்கியில் உள்ள ஸ்டெப்னியின் சைஸைப் படியுங்கள். மேல் வேரியன்ட்களுக்கு ஒரு சைஸ் சின்ன இரும்பு வீல் கொடுப்பது இங்கே வழக்கம். உங்களுடையதும் 185/65 ஆர்15 என்றால் இனி ஐந்தும் ஒரே சைஸ், பஞ்சர் ஆனாலும் வேகத்தைக் குறைக்காமல் வீடு வந்து சேரலாம். புதிய நட் வாங்கியிருந்தால், பழைய நட்டில் நான்கை ஸ்டெப்னியோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அலாய் நட் இரும்பு வீலுக்கு எப்போதும் சேரும் என்று சொல்ல முடியாது. நல்ல நிலையில் உள்ள மூன்று 16 அங்குல அலாய்களையும் விற்காமல் வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் கட்டாயம் கேட்பார்.